வெட்டு நாளில் நனையும் தொப்பி

அந்தத் தொப்பி நனைந்திருந்தது.

கல்யாணமாகி, மலாக்காவில் நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்த மறுநாள் காலை. என் வீட்டுக்காரர் இருட்டோடு எழுந்து, வேலைக்கு ஆள் எடுக்கிற பிரட்டுக்குப் பேர் கொடுக்கப் போய்விட்டார். தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் பின்கதவுப் பக்கம் வந்தேன். கதவை ஒட்டிச் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் தொப்பி. அதன் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு என் பாதத்தில் விழுந்தது.

அண்ணாந்து பார்த்தேன். தகரக் கூரையில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. முதல் நாள் மழையும் இல்லை. ஆனால் விளிம்பு முழுக்க, விடியலில் புல்லின் மேல் நிற்பதைப் போல, பொடிப் பொடியாகத் தண்ணீர் நின்றது.

நான் தொடவில்லை. முந்தின நாள் சாயங்காலமே அவர் சொல்லியிருந்தார்.

"வீட்டுல எத வேணாலும் எடம் மாத்தி வெச்சுக்க புள்ள. அத மட்டும் எறக்காத. அது அவளோடது."

அவள் என்றால் அவருடைய முதல் மனைவி, பாக்கியம். காய்ச்சலில் போனவள். தொட்டிலில் கிடந்தது அவள் பெற்ற பிள்ளை. நான் இரண்டாம் தாரம். அவளை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து எனக்கு அவள் பாக்கியம் அக்கா.

துரையம்மா கொடுத்தது

தோட்டத்துப் பெண்ணுக்குத் தொப்பி எதற்கு என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கலாம். பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் இறக்க, போகிற பெண்கள் கைலியின் மேல் ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொள்வோம். கொசுவுக்காகத் தலையில் துண்டு கட்டுவோம். இடுப்பில் கொசுவத்தி புகையும். பார்த்தால் ஆணா பெண்ணா என்றே தெரியாது.

அக்கா கொஞ்ச காலம் பங்களாவில் தோட்ட வேலை செய்தவள். துரை குடும்பம் ஊருக்கே திரும்பிப் போனபோது, துரையம்மா ஆளுக்கொரு சாமான் கொடுத்தாராம். அக்காவுக்குக் கிடைத்தது இது. காப்பிக் கொட்டை நிறம். ஆட்டு ரோமத்தை அமுக்கி அமுக்கிச் செய்கிற துணி. ஃபெல்ட் என்று அதற்குப் பெயர் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. அக்கா துண்டைக் கட்டி, அதன் மேல் இந்தத் தொப்பியை வைத்துக்கொண்டு வேலைக்குப் போவாளாம். "தொரைச்சி வர்றா, வழிய விடுங்கடி" என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் கேலி செய்வார்களாம். அவள் கழற்றவே இல்லை.

அவள் இடது கைக்காரி. அவளுக்கென்று தனியாகச் செய்த வெட்டுக்கத்தி, தொப்பிக்குக் கீழே அதே ஆணியில் தொங்கியது. தொப்பியைக் கழற்றும்போது உச்சியின் முன்பக்கத்தைக் கிள்ளினாற்போலப் பிடித்துத் தூக்குவாளாம். அப்படித் தூக்கித் தூக்கி அந்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. இடப்பக்கம் பெருவிரல் பள்ளம் ஒன்று. வலப்பக்கம் மற்ற விரல்களின் பள்ளம் இரண்டு. வலது கைக்காரர் தூக்கினால் பெருவிரல் வலப்பக்கம்தான் விழும். சந்தேகமானால் உங்கள் கையை நெற்றிக்கு மேலே கொண்டுபோய்ப் பாருங்கள்.

அக்காவுக்குப் போட்டோ இல்லை. அடையாளக் கார்டில் ஒன்று இருந்தது. அவள் இறந்ததைப் பதியப் போனபோது அதையும் ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அவள் முகம் எனக்குத் தெரியாது. அவள் பெற்ற பிள்ளை தனபாலனுக்கும் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் அவள் என்றால் அந்த மூன்று பள்ளம்தான்.

மழை நாளில் காய்ந்திருக்கும்

மறுநாளும் தொப்பி நனைந்திருந்தது. அதற்கு மறுநாளும். சுவர் ஈரம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மழைக்காலம் வந்தது. லயமே நமுத்துப் போயிற்று. உப்பு கரைந்தது. விறகு பற்றவில்லை. பிள்ளையின் துணியை அடுப்பு மேல் கட்டி உலர்த்தினேன். அந்த நாள்களில் தொப்பியைப் பார்த்தால் சுட்ட அப்பளம் போலக் காய்ந்திருந்தது.

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும், பால் கோப்பைக்கு வராமல் வழிந்தோடிவிடும். அன்றைக்கு வெட்டு இல்லை. ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். மழை இல்லாத நாள் வெட்டு நாள்; இருட்டிலேயே, பனியில் நனைந்துகொண்டு மரத்தடிக்குப் போவோம்.

தொப்பி வெட்டு நாளில் நனைந்தது. மழை நாளில் காய்ந்தது.

இது எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. புரிந்த பிறகு சொல்ல இன்னும் நாள் ஆயிற்று. நான் வாய் திறந்து பேசுகிறவள் இல்லை. ஒருநாள் அவர் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது எப்படியோ சொல்லிவிட்டேன்.

"தொப்பி ஈரமா இருக்குங்க."

அவர் திரும்பி ஆணியைப் பார்த்தார். தகர மங்குக் குவளையைக் கீழே வைத்தார்.

"மழ இல்லல்ல. வெட்டு உண்டு" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து ரப்பர் ஆலைக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்குப் பயம் இருந்தது. பின்கதவைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவேன். ஆனால் மதியத்தில், பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஆட்கள் வீடு திரும்புகிற நேரத்தில், பிள்ளை எவ்வளவு அழுதாலும் சட்டென்று அடங்குவான். பின்கதவுப் பக்கம் பார்த்துக் காலை உதைத்துக்கொண்டு சிரிப்பான். அப்போது நான் அடுப்படியைவிட்டு வெளியே வரமாட்டேன். அது அவர்களுடைய நேரம் என்று விட்டுவிடுவேன்.

வருஷங்கள் போயின. பால்மரங்களைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டார்கள். கடைசி நிரை சாய்ந்த அன்றோடு தொப்பி நனைவது நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வேலை நின்றுபோன ஆளைப் போல அது ஆணியில் சும்மா தொங்குவதைப் பார்க்க என்னவோ செய்தது.

மூத்தாள் சேலை

புருஷன் இருக்கக் கட்டுக்கழுத்தியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவது நம்மில் பல வீடுகளில் உண்டு. வீட்டில் நல்ல காரியம் என்றால் முதல் படையல் அவளுக்குத்தான். செம்பில் தண்ணீர் நிறைத்து, தேங்காய் வைத்து, புதுச் சேலையைக் கொசுவிச் சுற்றி, வளையல், பூ, மஞ்சள், குங்குமம் வைத்து, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்வோம். அவள் வந்து சாப்பிட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

மற்ற வீடுகளில் விளக்கு வைத்த பிறகு படைப்பார்கள். எங்கள் வீட்டில் மதியத்தில். வேலை முடிந்து பசியோடு வருவாள் என்று அவர் வைத்த வழக்கம்.

படைத்த சேலையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்ள வேண்டும். மூத்தாளுக்குப் படைத்தது இளையாளுக்கு. அதனால் நான்தான் கட்டிவந்தேன். அவர் காலமான பிறகு மருமகள் செல்வி கட்டுவதுதான் முறை. அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். "எனக்கு பயமா இருக்கு அத்த. உங்களுக்குத்தான் அவங்களப் பழக்கம்" என்றாள். பழக்கம்தான், என்ன சொல்ல.

தொப்பியும் படையலில் இருக்கும். செம்புக்குப் பக்கத்தில் ஒரு மணை போட்டு அதில் வைப்போம். ஆனால் அது படைக்கிற பொருள் இல்லை. அவளுடைய சாமான், அவள் இடத்தில் இருக்கும். படையல் முடிந்தால் திரும்ப ஆணிக்குப் போய்விடும். அதை யாரும் போட்டுக்கொண்டதில்லை.

எலி

இப்போது நாங்கள் புக்கிட் காத்திலில், தனபாலன் வாங்கிய வீட்டில் இருக்கிறோம். என்னை அவன் சின்னம்மா என்று கூப்பிடுவான். அவனுக்கே தலை நரைத்துவிட்டது. போன வருஷம் அவன் மகள் துர்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. படையலுக்கு வேண்டியதை எடுத்து வைக்கப் போன செல்வி, இந்த வீட்டுக்கு வந்த பிறகு தொப்பியைப் பத்திரமாக வைத்திருந்த அலமாரி மேல் பெட்டியைத் திறந்தவள் கத்தினாள்.

"அத்த! இங்க வாங்க. எலி பூந்துருச்சு."

தொப்பியின் விளிம்பை ஓர் இடத்தில் அரித்திருந்தது. அதுகூடப் பரவாயில்லை. உச்சியில் ஓட்டை. இடப்பக்கம், பெருவிரல் பள்ளம் இருந்த இடத்தைத் தேடித் தின்றாற்போல் தின்றிருந்தது. வலப்பக்கத்து இரண்டு பள்ளம் மட்டும் மிச்சம்.

"எலி கடிச்சத அவங்க முன்னால வைக்கலாமா அத்த? கல்யாண வீடு. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா மனசு கேக்குமா?" என்றாள் செல்வி. அவள் சொன்னதில் தப்பில்லை. கிழிந்ததைப் படையலில் வைப்பதில்லை.

"அதுக்கு ஏன் ரெண்டு பேரும் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு?" என்றான் தனா. "புதுசு வாங்கிட்டாப் போச்சு லா. பழசக் கொண்டுபோய் நியாலாஸ்ல அம்மா சமாதி பக்கத்துலயே பொதச்சிருவோம்."

சொன்னதோடு நிற்கவில்லை. அந்த வாரமே மலாக்காவில் தேடி அலைந்து ஒரு தொப்பி வாங்கி வந்தான். அதே மாதிரித் துணி. நிறம் மட்டும் கொஞ்சம் கூடுதல். துர்கா அதைத் தலையில் கவிழ்த்துப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

"வெளையாடாத, கழட்டு" என்று செல்வி அதட்டினாள். "படைச்சப்பறம் அத பாட்டிதான் போடணும்."

"பாட்டியா? ரிசப்ஷன்லயா? ஐயோ, கவ்பாய் பாட்டி! செம்ம லா!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுப்படிக்குப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஏனென்றால் செல்வி சொன்னதுதான் முறை. புதிதாக வாங்கி வைத்தால் அது படையல். படையல் என்றால் அது எனக்கு. அக்காவின் வீடு எனக்கு வந்தது. அவள் புருஷன், அவள் பிள்ளை, அவள் அடுப்பு, வருஷா வருஷம் அவள் சேலை, எல்லாம் என்னிடம் வந்துவிட்டன. வராமல் அவளிடமே இருந்தது இந்த ஒன்றுதான். இதையும் நான் எடுத்துக்கொண்டால் அவள் எதைப் போட்டுக்கொண்டு வருவாள்?

இதை அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் காலை இரண்டு தொப்பியையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, பாசார் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ் மாறி ஜாசினுக்குப் போனேன்.

ஆரோக்கியம் கேட்டாள்

ஜாசினில் ஆரோக்கியம் துணி திருத்தித் தைக்கும் கடை வைத்திருக்கிறாள். சுவரில் மாதா படம், அதற்குக் கீழே ஓயாத ரேடியோ. என் ரவிக்கைகளை அவள்தான் பெரிதாக்கித் தருவாள். தொப்பியைக் கையில் வாங்கி உள்ளே வெளியே பார்த்தாள்.

"எந்த தொரைக்குக்கா இது?"

"தொரைக்கு இல்ல. எங்க அக்காவுது."

"பொம்பளையா? ஸ்டைல்தான். எங்க இருக்காங்க?"

"நியாலாஸ்ல."

"ஒரு நடை வரச் சொல்லுங்க. தலைய அளந்துட்டா தைக்க சுலபம்."

"வருவாங்க. கல்யாணத்துக்கு முன்னால வருவாங்க" என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "ஒட்டு வெக்கணும். இந்த ஃபெல்ட்டு எங்கிட்ட இல்ல. வேற துணி வெச்சா பிச்சுக்கும். பேசாம புதுசு வாங்கிக் குடுத்துருங்கக்கா."

பையிலிருந்து புதுத் தொப்பியை எடுத்து மிஷின் மேல் வைத்தேன்.

"இதுலேர்ந்து வெட்டு."

"அக்கா! லேபல்கூட கிழிக்கல. வெட்டினா அப்பறம் ஒண்ணுத்துக்கும் ஆகாது."

"வெட்டு."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஆரோக்கியம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கத்தரியை எடுத்தாள்.

பாசாரில் பூவும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. அவள் வழக்கத்துக்கு மாறாக ரேடியோவை நிறுத்தியிருந்தாள்.

"நல்லா வந்திருக்குக்கா. ஆனா ஒண்ணு. தைக்கிற மட்டும் பின்னால யாரோ நின்னு பாக்கற மாதிரியே இருந்துச்சு. திரும்பித் திரும்பிப் பாத்து கழுத்து வலிக்குது." சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

ஒட்டு நன்றாகப் பொருந்தியிருந்தது. விளிம்பையும் சரி செய்திருந்தாள். ஆனால் உச்சி மொழுமொழுவென்று முட்டை போல இருந்தது.

"இங்க பள்ளம்…" என்றேன்.

"ஆமாக்கா, நசுங்கியிருந்துச்சு. கொதிக்கிற தண்ணி ஆவியில காட்டி எடுத்துட்டேன். கஞ்சி தடவி வெச்சிருக்கேன், இனிமே நசுங்காது."

நல்ல மனசோடு செய்திருக்கிறாள். அவளை என்ன சொல்வது. பஸ்ஸில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நாமே கிள்ளி வைத்துவிட்டால் என்ன என்று விரலைக் கொண்டுபோனேன். என் கை வலது கை. எடுத்துவிட்டேன்.

வீட்டில் தனா முதலில் பார்த்தது வெட்டுப்பட்ட புதுத் தொப்பியை.

"சின்னம்மா, புதுச வெட்டிட்டீங்களா?"

"ஆமாப்பா."

"ஏன்?"

"அது எனக்கு வேணாம்."

அவனை வளர்த்த இத்தனை வருஷத்தில் வேண்டாம் என்று அவனிடம் நான் சொன்னதில்லை. அவனுக்குக் கோபம் வந்தது தெரிந்தது. அடக்கிக்கொண்டு பழைய தொப்பியை எடுத்தான். திருப்பிப் பார்த்தான். அவனும் இடது கைக்காரன்தான். பெருவிரலால் ஒட்டைத் தடவினவன் நின்றான்.

"இங்க பள்ளம் இருக்குமே. சின்ன வயசுல நாற்காலி போட்டு ஏறி, அதுல வெரல வெச்சு வெச்சு எடுப்பேன். பெருசா இருக்கும். என் வெரல் பத்தாது."

எனக்குத் தெரியாமல் செய்திருக்கிறான்.

"போயிருச்சுப்பா. ஆவி காட்டினதுல போயிருச்சு."

அவன் தொப்பியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றான். செல்வி கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை.

கதவைச் சாத்திய பிறகு

படையல் அன்று வெயில் கொளுத்தியது. அந்த வாரம் முழுக்க மழை இல்லை. நடு அறையைக் கழுவிவிட்டு ஜன்னல்களைச் சாத்தினோம். செம்புக்கு அரக்குப் பச்சைச் சேலை சுற்றினேன். மரவள்ளிக்கிழங்கு, கருவாட்டுக் குழம்பு, சீனி போடாத காப்பி. பக்கத்தில் மணை. தொப்பியை மணையில் வைக்கக் குனிந்தேன்.

"பக்கத்துல வேணாம் சின்னம்மா" என்றான் தனா. "போட்டு விடுங்க."

செம்பின் மேலிருந்த தேங்காயில் தொப்பியை வைத்தேன். சேலை, வளையல், பூ, மேலே தொப்பி. ஒரு பெண் குந்தி உட்கார்ந்து, முகம் தெரியாமல் தலையைக் கவிழ்த்திருப்பது போல ஆகிவிட்டது. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சூடம் காட்டிவிட்டு நான்கு பேரும் வெளியே வந்தோம். கதவைச் சாத்தினோம். கூடத்தில் காற்றாடி சுற்றுகிற சத்தம் மட்டும். துர்கா போனைக் கீழே வைத்துவிட்டு அவள் அப்பாவை ஒட்டி நின்றாள். உள்ளே ஒரு தரம் கண்ணாடி வளையல் ஒலித்தது.

"காத்து" என்றாள் செல்வி.

ஜன்னல்களை நாங்கள்தான் சாத்தியிருந்தோம்.

நேரம் ஆனதும் செல்வி கதவைத் தட்டினாள். "நாங்க வர்றோம்மா" என்று குரல் கொடுத்துத் திறந்தாள். சூட வாசனை முகத்தில் அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை. புளித்த பால், புகை, மரப்பட்டை.

"என்ன ஸ்மெல் இது?" என்று துர்கா மூக்கைச் சுளித்தாள். அவள் பால்மரக் காட்டில் கால் வைத்ததில்லை. எனக்கும் தனாவுக்கும் தெரியும்.

தேங்காயின் மேல் தொப்பி இல்லை. அது பக்கத்து மணையில் இருந்தது. சாப்பிட உட்காருகிற ஆள் கழற்றி வைத்தாற்போல, நிமிர்ந்து, முன்பக்கம் எங்களைப் பார்த்து.

"வழுக்கி விழுந்திருக்கும்" என்றாள் செல்வி, மெதுவாக.

தனா மணைக்கு முன்னால் மண்டியிட்டான். நானும் குனிந்தேன். கஞ்சி போட்டு விறைத்திருந்த உச்சி தளர்ந்திருந்தது. வலப்பக்கம் இரண்டு பள்ளம். இடப்பக்கம் ஒன்று, ஆழமாக, ஆரோக்கியம் வைத்த புது ஒட்டின் மேலேயே.

அவன் இடது கையைக் கொண்டுபோனான். பெருவிரல் பள்ளத்துக்கு நேராக வந்து நின்றது. தொடவில்லை. கையை இறக்கி விளிம்பில் மட்டும் விரலை வைத்தான். விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"ஈரமா இருக்கே சின்னம்மா. மழையே இல்லியே."

அவனுடைய அப்பா எனக்குச் சொன்னதை நான் அவனுக்குச் சொன்னேன்.

"மழ இல்லல்லப்பா. வெட்டு உண்டு."